முடிந்து வைத்த வாக்கு

"முதல்ல அதையெல்லாம் அவுத்து எடு."

ஆதிகேசவன் வரப்பிலேயே நின்று சொன்னார். தாண்டி வரவில்லை.

வரப்போரம் பட்டுப்போன வேப்பமரம். கிளைகளில் மஞ்சள் துணி முடிச்சுகள். காற்றே இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

தமயந்தி எழுந்திருக்கவில்லை. மஞ்சள் கரைத்த கிண்ணத்தில் இன்னொரு துணியை நனைத்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவி பாஞ்சாலியின் தங்கை அவள். அப்பா பிரித்துக் கொடுத்த நிலத்தில் மேல் பாதி அக்காவுக்கு, கீழ்ப் பாதி இவளுக்கு. மேலே கரும்பு ஆளுயரம் நின்றது. கீழே மண் வெடித்துக் கிடந்தது.

"என்னா பாவா, பேச்சு நின்னவ நெலத்துக்கு வந்துகீற?"

"எம் பொண்ணு யுவஸ்ரீ பிரசவத்துக்கு வந்துகீறா. கண்ணு மூட மாட்டேங்கறா. மரத்துலேர்ந்து ஏதோ என்னையே பாத்துகினு கீதுன்றா. வயித்துப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா உன்னை சும்மா விட மாட்டேன். யாருக்கு வெச்ச செய்வினை இது?"

"கிட்ட வந்து பாரு."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆதிகேசவன் மரத்தடிக்குப் போனார். ஈரத் துணி வழியே ஒரு கண் தெரிந்தது. அடுத்ததில் பாதி திறந்த வாய்.

அவர் ஓரடி பின்வாங்கினார்.

"யாரு இவங்க?"

"பேப்பர்ல வந்தவங்க. பெரிய பெரிய நாட்டுத் தலைவருங்க. மாநாடு போட்டு, பூமி சூட்டைக் குறைக்கிறோம், பசியில்லாம பண்றோம்னு சொன்னாங்க இல்ல? மூஞ்சியை வெட்டி, காசோட முடிஞ்சிகீறேன்."

"அது எதுக்கு?"

"முருகனுக்கு வேண்டிகினா முடிஞ்சி வெக்கறோமே, அது மாதிரிதான். சொன்னவன் மறந்தாலும் முடிச்சு மறக்காது."

ஆதிகேசவனுக்குப் போன உயிர் வந்தது. சிரித்துவிட்டார்.

"இதுக்கா இவ்ளோ கூத்து? மேடையில சொன்னதை எவன் செஞ்சான்? நீ நம்பறியா?"

"பாதி நம்பறேன். முழுசா நம்பினா எதுக்கு முடிஞ்சி வெக்கணும்?"

"ஒண்ணாச்சும் பலிச்சுதா?"

"காலைல ஒண்ணு தானா அவுந்து கீழ கிடந்துச்சி. யாரும் கை வெக்கல. எந்த நாடோ, எவனோ ஒருத்தன் ஏதோ செஞ்சிகீறான்னு நெனச்சிகினு காசை முருகன் மலைக்குக் குடுத்தனுப்பிட்டேன்."

 ஆதிகேசவன் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

அந்தப் பக்கத்துக் கிளையில் தனியாக ஒரு முடிச்சு. மற்றவை சுழல, அது மட்டும் அசையாமல் அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி தொங்கியது.

"இவன் எந்த நாட்டுக்குத் தலைவன்?" என்று கேலியாக விரலால் தட்டினார். அது ஆடவில்லை.

தமயந்தி துணியைப் பிழிந்தாள்.

"அது யுவஸ்ரீ கல்யாண போட்டோவுல வெட்டினது. உன் கரும்புக்காக அடைச்ச கால்வாயை, மழைக்கு முன்ன திறந்து விடறேன்னு கிராமசபையில எழுந்து நின்னு சொன்னியே பாவா, அந்த மூஞ்சி."