தண்ணிக்குள்ள கேக்கறேன்

“இன்னைக்காவது கிருபாகிட்டக் கேட்டுப்போடுடா,” என்றான் கௌதமன்.

“தண்ணிக்குள்ள கேக்கறேன்,” என்றான் பிரவின்குமார்.

சிங்காநல்லூரிலிருந்து அந்தமானுக்கு வந்திருந்த நண்பர்களை ஏற்றிக்கொண்டு பாய்மரப் படகு தீவுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. கிருபா முன்பக்கத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகோட்டி சிரித்துவிட்டார்.

“உள்ளே இறங்கினா வாயில மூச்சு விடற குழாய் இருக்கும் தம்பி. கட்டிக்கிறியான்னு எப்படிக் கேப்பீங்க? இங்கேயே கேட்டுடுங்க.”

“இல்லீங்கண்ணா. இங்க எல்லாரும் அவங்கவங்க பாட்டுக்குப் பேசறோம். அங்க போனாத்தான் சரியா வருமுங்க.”

பவளப்பாறைகள் தெரிந்த இடத்தில் படகு நின்றது. முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு எல்லோரும் குதித்தார்கள். படகோட்டியும் துணைக்கு இறங்கினார்.

வண்ண மீன்களுக்கு மேலே மிதந்தபடி பிரவின்குமார் கிருபாவின் முன்னால் கைகளை அசைத்தான். விரல்கள் தடுமாறின. கிருபா அவற்றைப் பிடித்துச் சரியாக வைத்துக் காட்டினாள். பிறகு அவளுடைய கைகள் மளமளவென்று அசைந்தன.

படகோட்டிக்கு அப்போதுதான் புரிந்தது. காது கேளாத, வாய் பேசாத கிருபாவுக்காகவே பிரவின்குமார் சைகை மொழி கற்றிருக்கிறான். யாருமே வாய் திறக்க முடியாத அந்த இடத்தில், அவள் மட்டும் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

தண்ணீருக்கு மேலே தலை தூக்கியதும் கௌதமன் கத்தினான். “என்னடா சொன்னாங்க?”

பிரவின்குமாருக்கு மூச்சு வாங்கியது.

“கேட்டதுல ரெண்டு தப்பாமாடா. திருத்திக் குடுக்க ஆயுசு பூரா கூட இருக்கறேன்னு சொல்லிப்போட்டாங்க!”