நானூறு வார்த்தை அஞ்சலி

“நானூறு வார்த்தைக்கு மேல அழ முடியாது டாக்டர். விதியில அப்படித்தான் போட்டிருக்கு.”

மருத்துவ இதழின் அலுவலகத்தில், சரிபார்ப்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேடம் காகிதத்தைத் திருப்பி நீட்டினார். கட்டுரை அனுப்பும் டாக்டர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கத்தரி’. அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எதிரே நின்ற டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பதினோரு வருடமாக உதவிப் பேராசிரியராகவே இருந்து நரைத்துப் போனவர். திங்கட்கிழமை பதவி உயர்வுக்கு நேர்காணல். இந்த இதழில் ஒரு தடவையாவது பெயர் வந்திருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். எந்தப் பகுதியில் வந்தது என்று கேட்க மாட்டார்களாம், வந்ததா என்றுதான் கேட்பார்களாம். இதழோ இன்று நாலு மணிக்கு அச்சுக்குப் போகிறது.

இதுவரை ஏழு தடவை படையெடுத்து ஏழு தடவையும் மண்ணைக் கவ்வியவர் அவர். ஆய்வுக் கட்டுரை, மூவாயிரம் வார்த்தைக்கு மேல் பதினேழு வார்த்தை கூடிப்போனதால் திரும்பி வந்தது. ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அது ஆயிரம் வார்த்தைக்குள் அடங்கியது, ஆனால் அந்த நோயாளி குணமான கையோடு தன்னைப் பற்றிப் போடக் கொடுத்த சம்மதக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சரி, படம் மட்டும் போடுவோம் என்று ஒன்றை அனுப்பினார். அடையாளம் தெரியாமல் கண்ணை மறைக்கச் சொல்லி மேடம் எழுதினார். அது கண் நோய்ப் படம். ஆசிரியருக்குக் கடிதம் என்றால் கட்டுரை வெளியான நாலு வாரத்துக்குள் வந்து சேர வேண்டும், அவருடையது இருபத்தொன்பதாம் நாள் வந்தது.

எட்டாவதாக இன்று அவர் கொண்டுவந்திருப்பது அஞ்சலிக் குறிப்பு. அவருடைய துறைத் தலைவருக்கு. இதழின் விதிகளில் அஞ்சலிக்கு மட்டும்தான் நிபுணர்களின் பரிசீலனை கிடையாது.

மேடத்துக்கு மனசு இளகித்தான் போனது. துக்கத்தோடு துக்கமாக ஓடிவந்திருக்கிறாரே, இந்தத் தடவையாவது கரை சேர்த்துவிட வேண்டும் என்று பேனாவைத் திறந்தார்.

“இதென்ன டாக்டர், ‘அட்டவணை ஒன்று: நற்குணங்கள்’? அஞ்சலியில அட்டவணை கூடாது.”

“எடுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் மேடம்.”

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். பாவம், கணவரைப் பறிகொடுத்த அம்மாவிடம் கேட்கிறார் போலிருக்கிறது என்று மேடம் நினைத்துக்கொண்டார்.

“எடுத்துக்கலாமாம் மேடம். ஆனா அதுல இருக்கற பதினாலு குணமும் உள்ள எங்கயாவது வந்துடணுமாம்.”

“கருணைக் கடல், இரக்கத்தின் சிகரம். ரெண்டும் ஒண்ணுதானே? ஏதாவது ஒண்ணை வெட்டறேன்.”

மறுபடி வராந்தா. மறுபடி மூச்சிரைப்பு.

“கடல் போகலாமாம். சிகரம் இருக்கணுமாம்.”

இப்படியே வெட்டியும் ஒட்டியும் மூன்றரை மணி ஆகிவிட்டது. “இறந்த தேதி விட்டுப்போயிருக்கே” என்றார் மேடம். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. தேதி இல்லாமலே போகட்டும் என்று விட்டுவிட்டார். அந்த மேசையில் அவர் ஒரு விதியைத் தளர்த்தியது அதுதான் முதல் தடவை.

மூன்றே முக்காலுக்குக் கணக்கு சரியாக நானூறில் வந்து நின்றது. மேடம் முத்திரையைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்ததுமே டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு தடவை திருப்பி அனுப்பிய கைக்கும் அன்றைக்குத்தான் நிம்மதி.

“கடைசியா ஒண்ணுதான். எழுதினவங்க பேரும் கையெழுத்தும்.”

டாக்டர் படிவத்தை நீட்டினார். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது அவருடையது, அதற்கு நேரே கையெழுத்தும் இருந்தது. முதல் பெயரைப் படித்த மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“டாக்டர், இது இறந்துபோனவர் பேரு.”

“ஆமா மேடம். எங்க துறையில யார் எதை எழுதினாலும் முதல் பேரு அவரோடதாதான் இருக்கணும். இல்லேன்னா ஒரு தாள் வெளிய போகாது.”

துக்கத்தில் மனுஷனுக்குத் தலை குழம்பிவிட்டது என்று மேடம் பரிதாபப்பட்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“இனிமே அந்தக் கவலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு? அவர் பேரை அடிச்சுட்டு உங்க பேரை மட்டும் வச்சுக்கங்க.”

“ஐயோ, அது மட்டும் முடியாது மேடம்.”

“எழுதினவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் அச்சுக்குப் போகும் டாக்டர். இந்த முதல் கையெழுத்துக்கு நான் எங்க போறது?”

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அவர் முகம் தெளிந்தது.

“அவ்வளவுதானே மேடம்? கீழ கார்லதான் உக்காந்திருக்கார், வரச் சொல்றேன்.”