ஒரே விமானத்தில் வந்தவர்கள்

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் தேநீர்க்கடையில் காலைக் கூட்டம். உமாமகேஸ்வரியும் இனியாவும் திருச்சியிலிருந்து படிக்க வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இனியா, பிடோக்கில் பிறந்து வளர்ந்த வகுப்புத்தோழி சிவானியின் தோளில் கைபோட்டு நிற்கிறாள். "அங்கிள், ரெண்டு தே ஓ லா!" பாலில்லாத தேநீரை இந்த ஊர்க்காரர்கள் போலவே கேட்கிறாள். பிறந்ததிலிருந்தே நாக்கில் இருந்ததுபோல விழுகிறது அந்த 'லா'. "எனக்குப் பால் ஊத்தி, அண்ணே," என்கிறாள் உமாமகேஸ்வரி. கடைக்காரர் அவளை மட்டும் நிமிர்ந்து பார்க்கிறார். "ஊர்லேருந்து புதுசா வந்திருக்கீங்களாம்மா?" இனியா சிவானியைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இவளுந்தான்," உமாமகேஸ்வரியின் குரல் பக்கத்து மேசைவரை கேட்கிறது. "கிளம்புறப்ப ஏர்போர்ட்டுல தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுதா." சிவானியின் தோளிலிருந்து கை மெல்ல இறங்குகிறது. ஆவி பறக்கக் கோப்பைகள் வருகின்றன. உமாமகேஸ்வரி ஊதாமலே குடிக்கிறாள். நாக்கு பொத்துப்போகிறது, ஆனாலும் இனிக்கிறது.