மீன் வேனின் பிரேக்

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். கங்காதரன் தன் பழைய மீன் வேனில் உட்கார்ந்து மிதித்தார். நான் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் தளர்த்தினேன். ஆயிலோடு குமிழ்கள் வந்தன.

போன மாதம் இந்த வேன் திருப்பாலைவனம் வளைவில் மரத்தில் மோதி, டிரைவர் தேசப்பன் செத்துப்போனார். அவர் மனைவி பச்சையம்மா பக்கத்தில் நின்றாள்.

"தூங்கிட்டாரு, பிரேக்கே மிதிக்கலைனு போலீஸ்ல சொன்னியே மொதலாளி. அப்பறம் இன்னாத்துக்கு ரிப்பேரு?"

"நீ போம்மா."

காற்று தீர்ந்தது, பெடல் கல்லாக நின்றது. கங்காதரன் இறங்கி வந்தார். பின்னால் பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது, மறுபடி எரிந்தது. எழுந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். காலி சீட்டுக்கு முன்னால் பெடல் தரைவரை இறங்கி ஏறியது, வேகவேகமாக. பிரேக் பிடிக்காத வண்டியில் டிரைவர்கள் அப்படித்தான் மிதிப்பார்கள்.

"எத்தினி தடவ மிதிச்சிருக்காரு, பாத்தியா?" என்றாள் பச்சையம்மா.

கங்காதரன் என்னைப் பார்த்தார். "அந்த லைட்டு ஒயரக் கயட்டி வுடு."

கழற்றினேன். விளக்கு அணைந்தது. பெடல் நிற்கவில்லை.