நாற்பது கிலோ

வரைபடத்தில் இருந்த விமானம் நாற்பது கிலோ அதிகம். மாலைக்குள் அது குறையாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். இறக்கைக்காரர்கள் சக்கரக்காரர்களைக் கைகாட்டினார்கள், சக்கரக்காரர்கள் வயரிங்காரர்களை. தங்கள் பாகத்தில் இனி ஒரு கிராம்கூட எடுக்க முடியாது என்று எல்லோருமே சாதித்தார்கள். பாகங்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பில் இருந்த குமுதினி பலகையில் 40 என்று எழுதினாள்.

"பின்னால குறைக்கச் சொல்லுவாங்கன்னு பயந்து நாம எல்லாருமே எடையைக் கூட்டித்தான் எழுதியிருக்கோம். என் பங்கு ஒம்பது கிலோ. நான் குடுத்துட்டேன்."

நாற்பதை அழித்து 31 என்று எழுதிவிட்டு, சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள். பிறகு இறக்கைப் பிரிவுத் தலைவர் தில்லைநாயகம் எழுந்து போய், யார் முகத்தையும் பார்க்காமல் பதினான்கைக் கழித்தார்.

"இது இல்லாட்டியும் இறக்கை தாங்கும். நீங்க கேப்பீங்கன்னுதான் வெச்சிருந்தேன், மேடம்."

அதற்குப் பிறகு வரிசையே நின்றது. சக்கரக்காரர்கள் எட்டு கொடுத்தார்கள், வயரிங்காரர்கள் ஆறு. பலகையில் 3 மட்டும் மிஞ்சியது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையிலேயே யாரிடமும் எதுவும் இல்லை.

கடைசி நாற்காலியிலிருந்து ஆரோக்கியசாமி எழுந்து வந்தார். அந்த விமானத்தை முதன்முதலாக ஓட்டப்போகிறவர் அவர்தான்.

"இந்தக் கணக்குல சேர்க்க என் எடை எழுபத்தெட்டுன்னு எழுதிக் குடுத்தேன்ல? அதுலயும் மூணு கிலோ பயம் இருக்கு, மேடம்."

குமுதினி சாக்பீஸை நீட்டினாள். அவர் அதை வாங்காமல், மூன்றை உள்ளங்கையால் துடைத்தார்.