அந்தப் பக்கம் நடந்த கூட்டம்

சாலையில் இனி யாரும் அடிபட்டுச் சாகக் கூடாதென்று, கடல் கடந்து ஒரு நாரை பாலம் கட்டப் பெரிய நிதியோடு வந்து இறங்கியது. அதற்கான கூட்டம் சாலைக்கு அந்தப் பக்கம் என்றதும் கோழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன், இந்தப் பக்கம் வச்சா என்னவாம்?"

"அங்கதானே நிழல் இருக்கு" என்றது ஆமை. "போனாத்தான் நமக்குப் பாலம் கிடைக்கும். வா."

லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து, பாதி வாலைப் பறிகொடுத்து, கோழி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது.

நாரை மைக்கைப் பிடித்தது. "வந்தவங்கள்ல யாராவது இந்த ரோட்டுல அடிபட்டுச் செத்திருக்கீங்களா? கையைத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை.

"பாத்தீங்களா! திட்டம் வெற்றி!"

கைதட்டல் அடங்குவதற்குள் கோழி எழுந்தது. "ஐயா, ஆமை இன்னும் நடுரோட்டுல தலையை உள்ள இழுத்துக்கிட்டுக் கிடக்குது. அந்தப் பாலம்..."

"யாருமே சாகாத ரோட்டுக்குப் பாலம் எதுக்கும்மா?" என்று கனிவாகக் கேட்டது நாரை. "எல்லாரும் வாங்க, வெற்றி விருந்தை எதிர்ப்பக்கம் வச்சிருக்கோம்."

சொல்லிவிட்டு அது பறந்து போனது. கோழி தன் மிச்ச வாலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது.