காலி டப்பா

நர்ஸ் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றுகூட மிச்சமில்லை.

"ஒழுங்கா போட்டீங்களா?" தையல்காரரின் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி டாக்டர் கேட்டார்.

"ஒரு வேளை கூடத் தவறலைங்க." சொல்லி முடிப்பதற்குள் இருமல் அவரை உலுக்கி எடுத்தது.

"சோதனையில இருக்கிற மத்தவங்களுக்கெல்லாம் இந்தப் புது மருந்து நல்லா கேக்குது. உங்களுக்கு மட்டும் காசநோய் முத்திக்கிட்டே போகுது. இன்னையோட நிறுத்திடலாம். வேற மருந்து பார்ப்போம்."

தையல்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"இன்னும் ரெண்டே மாசம் குடுங்க டாக்டர். கும்பிட்டுக் கேக்கறேன்."

"கேக்காத மருந்தை வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணப் போறீங்க?"

தையல்காரர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

பன்னிரண்டு வயது மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவரிடமிருந்து தொற்றிய அதே நோய்தான் அவளுக்கும். சின்னப் பிள்ளைகளைச் சோதனையில் சேர்க்க முடியாது என்று டாக்டர் ஆரம்பத்திலேயே கையை விரித்துவிட்டார். ஆனாலும் மூன்று மாதமாக அவளுக்கு இருமலே இல்லை. கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

கையை நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு மாசம்தானேப்பா? எங்கே என் மாத்திரை?"